அடுத்த வாய்க்கு முன் கேட்ட குரல்

என் பெயரும் என் கணவர் பெயரும் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது அறுபத்தொன்று. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது தொழில். பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில், கீழும் மேலுமாக உள்ள வீட்டின் மாடியில் குடியிருந்து வருகிறேன். பெயரைச் சொல்லிக் கேட்டால் சந்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. மைக்காரர் சம்சாரம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்.

இறந்துபோன மைக்காரர் என் கணவர். அவர் இறந்தது பற்றி எனக்குத் தெரிந்ததை நானாக வந்து சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. மிரட்டினால் அடங்குகிற ஆளும் நான் இல்லை. இந்த வரியை எழுதலாமா என்று, நான் சொல்வதை எழுதும் காவல் நிலைய எழுத்தர் ஆய்வாளரைப் பார்த்தார், நான் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

என் மருமகளை நேற்று மாலையிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனார், அதாவது என் கணவரின் கூடப்பிறந்த தங்கை, கொடுத்த புகார்தான் காரணம். விழுங்க முடியாத மனிதருக்கு வேண்டுமென்றே சோற்றைத் திணித்து மருமகள் கொன்றுவிட்டாள் என்பது புகார். அவள் திணிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

என் கணவர் பேருந்து நிலையத்தில் மைக்கில் பேசும் அறிவிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைக்காரர் என்ற பெயர் அதனால் வந்தது. அவருடைய அறை, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு. அதற்கு இருந்த ஒரே சன்னல், பேருந்துகள் பின்னால் வந்து நிற்கும் பக்கம் இருந்தது. அத்தனை வண்டிப் புகையும் அந்தச் சன்னல் வழியாக நேரே அவர் மூக்குக்குத்தான் வரும். போதாததற்கு இவர் பங்குக்கு சிகரெட் வேறு. ஓய்வு பெறும்போது நுரையீரல் கெட்டுவிட்டது, இனி சரியாகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு மருந்து உறிஞ்சும் குப்பி, அதன் பிறகு மூக்கில் குழாய், அதன் பிறகு மூலையில் நின்று உறுமும் ஆக்சிஜன் இயந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்கு வந்தன.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவர் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வீட்டுக்கு வந்த பிறகும் குரல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சன்னலுக்கு நேராக ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதில் வருவது இதுதான்: "பயணிகளின் கவனத்திற்கு, மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்பட இருப்பதால், பயணம் செய்வோர் தங்கள் உடைமைகளைச் சரிபார்த்துக்கொண்டு, வரிசையாக ஏறி, இருக்கைகளில் அமருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அது வந்தால் அவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் தையல் மிதியை நிறுத்த வேண்டும். முடிந்ததும் விரலை இறக்குவார்.

அந்தக் குரலை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நல்லா கேளு, 'இருப்பதால்' முடிஞ்சதும் ஒரு மூச்சு வாங்குறான். 'சரிபார்த்துக்கொண்டு'க்கு அப்புறம் இன்னொண்ணு. நானும் அதே எடத்துலதான் வாங்குறேன். அவனுக்குப் பத்துது, எனக்குப் பத்தலை" என்றார். அதன் பிறகு எனக்கும் அந்த இரண்டு மூச்சும் கேட்க ஆரம்பித்துவிட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

விழுங்குவதில் தொந்தரவு முதலில் தண்ணீரில்தான் தொடங்கியது. நாலு மடக்குக் குடித்தால் ஒரு மடக்கு புரையேறும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வோம், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். நாத்தனார் மாடிக்கு ஓடிவந்து அண்ணன் தலையில் தட்டுவாள். "இத்தனை தடவை நினைக்க நீங்க என்ன மந்திரியா? ஓய்வூதியம் வாங்குற ஆளை யாரு இப்படி விழுந்து விழுந்து நினைக்கிறது?" என்று நான் கேலி செய்வேன். "அவன்தான் நினைக்கிறான்" என்று ஒலிபெருக்கியைக் காட்டுவார். சிரித்தோம்.

அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் சேர்த்தோம். குணமாகி வந்து மறுபடியும் அதேபோல் சேர்த்தோம். அப்போதுதான் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அனுப்பினார்கள். அறை வாசலில் பேச்சுப் பயிற்சி என்று பலகை இருந்தது. "எனக்கே பேச்சுப் பயிற்சியா?" என்று இவர் முறைத்துக்கொண்டார். பேசுகிற வழியும் சாப்பாடு போகிற வழியும் ஒரே வாசல்தான் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். "நாம விழுங்குற நேரத்துக்கு மூச்சு நின்னுடும். விழுங்கினதும் வெளிய விடுவோம். ஐயாவோட நுரையீரலால அந்த நேரம்கூடத் தாங்க முடியலை. விழுங்கி முடிக்கறதுக்குள்ள உள்ள இழுத்துடுது. தொண்டையில மிச்சம் இருக்கிறதும் அதோட சேர்ந்து உள்ள போயிடுது" என்றார். அதனால்தான் நெஞ்சில் திரும்பத் திரும்பச் சளி கட்டுகிறது என்றும் சொன்னார்.

அந்த அம்மா கற்றுக்கொடுத்த முறை வருமாறு. சாப்பாட்டுக்கு முன் களைப்பாறி உட்கார வேண்டும். மூக்குக் குழாயைக் கழற்றக் கூடாது. தண்ணீரில் ஒரு பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சோறு குழைவாக, சின்னக் கரண்டியில். வாயில் வைத்ததும் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கி, மூச்சை வெளியே விட்டு, அதன் பிறகு ஏதாவது ஒரு சொல் பேச வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று இருந்தால் சோறு தப்பான இடத்தில் நிற்கிறது, உடனே இருமி மறுபடி விழுங்க வேண்டும். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய் கொடுக்கலாம். என்ன சொல் பேசுவது என்று கேட்டதற்கு, இவர் யோசிக்கவே இல்லை, "பயணிகளின் கவனத்திற்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு. ஒரு வாய், ஒரு அறிவிப்பு, ஒரு வாய், ஒரு அறிவிப்பு. என் மகன் வெளியூரில் வேலை பார்ப்பதால் மருமகள்தான் ஊட்டுவாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அவளுக்குப் பொறுமை உண்டு. சொந்த மகள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள், இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னேன். நாத்தனார் படியில் நின்று, "எங்கண்ணனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கேட்பாள். நீ வந்து ஊட்டிப் பார் என்றால் வரமாட்டாள். ஆனால் கீழே அவள் சாப்பிடும்போது மாடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள், அண்ணன் மேல் அவளுக்கு உயிர். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியை மாற்றினார்கள். கணினியே பேசுகிற ஒரு பெண் குரல் வந்தது. அன்று இவர் விரலைத் தூக்கிவிட்டு, வேறு குரல் கேட்டதும் இறக்கத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "இனிமே அவன் எங்க போவான்?" என்று கேட்டார். "எங்க போவாரு, வீட்டுக்குத்தான் வருவாரு. வரட்டும், இன்னொரு தட்டு வெச்சாப் போச்சு" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிந்திய நாட்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாப்பிடும்போது வருகிற இருமல் நின்றுவிட்டது. புரையேறுவதும் இல்லை. முன்பெல்லாம் ஒரு சாப்பாடு முடிவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். இப்போது சத்தமே இல்லை. கரண்டி தட்டில் படும் சத்தம், ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தம், அவ்வளவுதான். "இப்ப யாரும் உங்களை நினைக்கறதில்லை போலிருக்கு" என்றேன். "அவன்தான் இங்க வந்துட்டானே" என்றார். நாங்கள் தேறிவிட்டார் என்று நினைத்தோம். நாத்தனார் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மருமகள் ஒருத்திக்குத்தான் மனசு சமாதானம் ஆகவில்லை. "அத்தை, இருமாம இருக்கிறது எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று சொல்லி, பயிற்சி அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

பயிற்சி அம்மா சத்தம் போட்டது எனக்கே கேட்டது. இருமல் நின்றால் குணம் என்று அர்த்தமில்லை, தொண்டையில் உணர்ச்சி குறைந்திருக்கும், சோறு தப்பான வழியில் போனாலும் உடம்பு சொல்லாது, அடுத்த வாரமே நேரில் கூட்டிவாருங்கள் என்றார். "அதுவரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் குரலைக் கேளுங்க. உங்களுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். இதை அவரிடமே விசாரித்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு என் மருமகள் முகத்தைப் பார்த்து ஊட்டுவதை விட்டு, காதால் கேட்டு ஊட்ட ஆரம்பித்தாள். நாங்கள் செய்த தப்பு அது ஒன்றுதான். குரல் தெளிவாக வந்தால் போதும், கண்ணால் பார்க்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டோம்.

சம்பவம் நடந்தது நேற்று மதியம். என் கணவர் சன்னலோரம் கைவைத்த நாற்காலியில், முதுகுக்குத் தலையணை வைத்து, மூக்குக் குழாயோடு உட்கார்ந்திருந்தார். நான் அதே அறையில், அவருக்கு முதுகு காட்டியபடி தையல் இயந்திரத்தில் இருந்தேன். மருமகள் குழைத்த சோற்றில் முதல் வாயைக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் பொடியைப் போட்டது கட்டி தட்டுகிறதென்று, பின்னால் இருந்த மேசைப் பக்கம் திரும்பிக் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்போது குரல் கேட்டது.

வழக்கமாக அவர் சொல்லும் முதல் இரண்டு சொல் மட்டும் இல்லை. பயணிகளின் கவனத்திற்கு என்று தொடங்கி, கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடிகிறவரை, முழு அறிவிப்பும். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல். அதில் கொழகொழப்பு இல்லை, இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை. என் கால் தானாக மிதியை நிறுத்தியது. எத்தனையோ வருடமாக அவர் வாயால் அந்த வரி முழுசாக நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். மருமகள் "அத்தை, மாமா முழுசா சொல்லிட்டாரு!" என்று கத்தினாள். "கேட்டேன்டி, கேட்டேன்! ஆறிப்போறதுக்குள்ள அடுத்த வாயைக் குடு" என்று நான்தான் சொன்னேன். அவள் தானாகக் கொடுக்கவில்லை. நான் சொல்லித்தான் கொடுத்தாள்.

அவள் திரும்பியபோது அவர் வாயைத் திறந்து வைத்திருந்தார். சோற்றுக்குத் திறந்திருக்கிறார் என்று நினைத்து அவள் கரண்டியை வைத்தாள். அவர் மூச்சுக்குத் திறந்திருந்தார். இது இப்போது தெரிகிறது.

அதன் பிறகு, "மாமா, சொல்லுங்க" என்று அவள் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அவள் குரல் மாறியதைக் கேட்டு நான் எழுந்து வந்து பார்த்தேன். இருமல் இல்லை, திணறல் இல்லை, கைகால் உதறவில்லை. உதடு நீலமாக இருந்தது. கண் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, எதிரே சுவரோரம் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை மடியிலிருந்து எழும்பி, ஆள்காட்டி விரல் தூக்கியபடி இருந்தது. அறிவிப்பு வரும்போது எங்களைப் பேசாதே என்று சொல்வாரே, அதே விரல். எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பேசுகிறவர் அப்படி விரலைத் தூக்கிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு மருமகள் அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டி, வாயிலிருந்ததை விரலால் எடுத்து, மூக்குக் குழாயின் வேகத்தைக் கூட்டினாள். நான் சன்னல் வழியாக ஆள் கூப்பிட்டேன். நாத்தனார் ஓடிவந்தாள். ஆம்புலன்சில் கொண்டுபோனோம். மருத்துவமனை வாசலிலேயே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விரலை நான்தான் மடக்கினேன். எளிதில் மடங்கவில்லை.

அங்கேயே நாத்தனார் என் மருமகளின் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். மாலையில் புகாரும் கொடுத்துவிட்டாள். உடலைச் சோதித்த மருத்துவர், முதல் வாய்ச் சோறே மூச்சுக்குழாயை அடைத்திருக்கிறது, அதற்குப் பிறகு அவரால் ஒரு சத்தம்கூட எழுப்பியிருக்க முடியாது என்று சொன்னதாக ஆய்வாளர் இன்று எனக்குத் தெரிவித்தார். முதல் வாய்க்குப் பிறகு மாமனார் தெளிவாகப் பேசினார் என்று மருமகள் சொல்வதால் அவள் பொய் சொல்கிறாள் என்றும், அவளைக் காப்பாற்ற நானும் அதையே சொல்கிறேன் என்றும் தோன்றுவதாக நேருக்கு நேராகச் சொன்னார். பழைய ஒலிபெருக்கிக் குரலைக் கேட்டு ஏமாந்திருப்பீர்களோ என்றும் கேட்டார். அந்தக் குரலை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, பேருந்து நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் வீட்டுக் கைப்பேசிகளையும் வாங்கிப் பார்த்தார்கள். அந்தக் குரல் எதிலும் இல்லை.

அதன் பிறகு நான் ஆய்வாளரிடம், "சார், என்னை நம்ப வேண்டாம். என் நாத்தனார் புகாரை எடுத்துப் படிங்க. எனக்கு ஆகாதவதானே அவ, அவ சொன்னதை நம்புங்க" என்றேன். எடுத்துப் படித்தார். "கீழ்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் அண்ணன் முழு அறிவிப்பையும் கணீரென்று சொன்னது எனக்குக் கேட்டது, அவ்வளவு நன்றாகப் பேசிய மனிதர் அடுத்த கணமே எப்படிச் சாவார்" என்று அதில் எழுதியிருந்தது. ஆய்வாளர் அந்த இடத்தை மறுபடியும் படித்தார். அதன் பிறகு பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்பினார்.

பிற்பகலில் பேருந்து நிலைய மேலாளரிடமிருந்து பழைய பதிவை வாங்கிவந்து, என்னையும் நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். கேட்டதும் நாத்தனார் "அண்ணே" என்று முகத்தை மூடிக்கொண்டாள். நீங்கள் கேட்ட குரல் இதுதானா என்று ஆய்வாளர் கேட்டார். குரல் இதுதான், ஆனால் நேற்றுக் கேட்டது இது இல்லை என்றேன். எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். இருப்பதால், அங்கே ஒரு மூச்சு. சரிபார்த்துக்கொண்டு, அங்கே ஒரு மூச்சு. இரண்டும் இருந்தன. நாத்தனார் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, நேத்து எங்கயுமே மூச்சு வாங்கலையே" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் சண்டை இல்லாமல் பேசியே பல மாதம் ஆகியிருந்தது.

என் கணவர் சாவில் என் மருமகள் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய் என்று சொல்லிக்கொடுத்தார்கள், குரல் தெளிவாக இருந்தது, கொடுத்தாள். பேசியது யார் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. காலையில் பெண் காவலர் தட்டை வைத்தபோது ஒரு வாய் எடுத்து வைத்தாள், விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாய் என்று அந்தக் காவலர் கேட்டதற்கு, இன்னும் சொல்லலை என்றாளாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேச வேண்டும், அப்போதுதான் விழுங்குவாள்.

நான் வாயால் சொன்னதை எழுத்தர் எழுதி, எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார், நாத்தனாரும் கூட இருந்து கேட்டாள். சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அறிவிப்பு வரியைப் படிக்கும்போது எழுத்தர் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார். ஆய்வாளர் அந்த வரியைத் தாமே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார், அவரும் வாங்கினார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிய பிறகு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மைக்காரர் சம்சாரம்

உடனிருந்து கேட்டவர்: (ஒப்பம்)
இறந்தவரின் தங்கை